முகம் காட்டாத மாப்பிள்ளைக்கு

கல்முனை

அன்புள்ள மகன் நிப்றாஸுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகத்துக்குத் துஆக் கேட்டபடி அம்ஹாவின் மூத்தம்மா எழுதிக்கொள்வது.

முதலில் எங்கள் பிள்ளைகளின் சங்கதி. பேரன் பஸால் பேராதனைக் கம்பசுக்கு இஞ்சினியர் படிக்க எடுபட்டிருக்கிறான். றுஸ்தாவுக்கு ஓலெவலில் ஒன்பது ஏ. சின்னவன் அக்ரம் குர்ஆன் ஓதும் கிறாஅத் போட்டியில் மாகாணத்தில் முதலாவது வந்தான். உங்களுக்குப் பேசியிருக்கிற அம்ஹா, தான் படித்த பள்ளிக்கூடத்துக்கே ரீச்சராகப் போகிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இவர்கள் தெருவில் தலை நிமிர்ந்து போவதைப் பார்த்துத்தான் எனக்குச் சோறு இறங்குகிறது. அந்தத் தலைகள் குனியக் கூடாது மகன்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடித்துக் காவின் பதிவு எழுத எல்லாம் ஆயத்தம். அம்ஹாவுக்குக் கட்டிய வீட்டுக்குப் பெயின்ற் அடித்தாயிற்று. கட்டாரில் லீவு இல்லை, உங்கள் சார்பில் நிக்காஹுக்குச் சம்மதம் சொல்ல வக்கீலாக ஒருவர் வருவார் என்றீர்கள். அதற்கும் அம்ஹாவின் வாப்பா, என் மருமகன், ஓம் என்றார். சீதனமே வேண்டாம் என்ற உங்கள் ஒரு சொல்லில் மயங்கி, உங்கள் ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிக்காமல் விட்டோம்.

முந்தாநாள் மீன் கொண்டுவந்த பாலமுனைச் சரீப், ஹோலில் மாட்டியிருந்த உங்கள் படத்தைக் கண்டு பெட்டியைக் கீழே வைத்தான். இது என்ட கூடப்பொறந்த ராத்தாட மகன் உம்மா, கட்டாருல விழுந்து மவுத்தானவன், ஊருக்குக் கொண்டந்து கபுறுக் குழிக்குள்ள இறக்கினது நான்தானே என்றான். உனக்குக் கண் அவிஞ்சு போச்சு, மீனை வெட்டிப் போட்டுட்டுப் போடா என்று ஏசி அனுப்பினேன். பிறகு படத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். அம்ஹா கேட்டாள். கண்ணாடி வெடித்துவிட்டது என்றேன்.

நேற்று நீங்கள் அவளுக்குப் போன் எடுத்தீர்கள். கம்பனியில் கெமரா தடை என்று வழக்கம்போல் குரல் மட்டும். அவள் போனை மேசையில் வைத்துச் சிரித்துச் சிரித்துக் கதைத்தாள். அப்போது பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பாங்கு சொல்லும் எங்கள் பள்ளி மோதினார் சாலிஹ் நடுவில் ஒருக்காச் செருமுவார். அந்தச் செருமல் ஜன்னலாலும் வந்தது, உங்கள் போனாலும் வந்தது. எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினேன். அதற்குப் பிறகும் போனுக்குள் எங்கள் பாங்கு கேட்டது.

கதவைத் திறந்து வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையைப் பார்த்தேன். ஹெல்மெட் கழற்றாத ஒருவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

மவுத்தானவர் போனில் கதைக்கமாட்டார் மகன். நீங்கள் யார்? கடிதம் போட இறக்காமத்தில் கூட்டாளி முஸ்தாக்கின் விலாசம் தந்தீர்கள். அங்கே இதைப் பிரிக்கிற கை உங்களுடையதுதான் என்று என் மனம் சொல்கிறது. முஸ்தாக்குக்கும் என் சலாம்.

மருமகனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இங்கிருந்து ஆட்கள் அங்கே வருவார்கள், பிறகு என் கையில் ஒன்றும் இல்லை. உங்கள் குரல் வராத நாளில் அம்ஹா சாப்பிடுவதில்லை. முகத்தில் குறை இருந்தாலும், கையில் தொழில் இல்லாவிட்டாலும் அவள் பொறுப்பாள். அவள் உங்கள் குரலுக்குத்தான் ஓம் சொன்னவள். அவள் பொறுக்க முடியாத ஒன்றை ஒளித்திருந்தால் மட்டும், இந்த ஒழுங்கைக்கு இனி வரவேண்டாம்.

அல்லாஹ் உங்களை வெளிச்சத்தில் நடக்க வைப்பானாக. படத்தை உருவிவிட்டேன், கண்ணாடிச் சட்டம் வெறுமனே கிடக்கிறது. அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னர், உங்கள் சொந்த முகத்தோடு புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடுங்கள்.

இப்படிக்கு,
மூத்தம்மா ஹவ்வா உம்மா