கரையேறும் இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நானும் இவரும் நல்லபடியாகத் தீவுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். படகில் இவர் மட்டும் கொஞ்சம் வாடிப்போய்விட்டார். நாள் முழுக்க கரண்ட் கம்பியைத் தொட்டுப் பிழைக்கிற எலக்ட்ரீஷியன், தண்ணீரைக் கண்டதும் படகின் கைப்பிடியை விடமாட்டேன் என்று அடம்பிடித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை தன் பிஸ்கட்டில் பாதியைக் கொடுத்துச் சமாதானம் செய்தது. அத்தானின் இருமல் குறைந்ததா? ராத்திரியில் மின்விசிறிக்கு நேர் கீழே படுக்க வேண்டாம் என்று சொல்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் 'சரி, வைக்கிறேன்' என்று வைத்துவிடுகிறாய். பக்கவாதம் வந்த பிறகு உனக்குப் பேச்சு குழறுகிறது, அதனால்தான் என்கிறார் அத்தான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. என்னைத் திட்டும்போது ஒரு எழுத்துகூடக் குழறுவதில்லை. கடிதத்தை நீ பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் மீதியில் என்ன எழுதியிருக்கிறேன் என்று உனக்குத் தலை வெடித்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ ஓய்வு பெற்றதும் நாம் இரண்டு பேரும் இந்தக் கடலில் நீந்துவது என்று பேசி வைத்திருந்தோம். நீ உன் ஊர் நீச்சல்குளத்தில், நான் என் ஊர் நீச்சல்குளத்தில், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டிவிட்டோம், ஒரு தடவையாவது சுவர் இல்லாத தண்ணீரில் நீந்த வேண்டும் என்று சொன்னது நீதான். இடது கையும் இடது காலும் இப்போது உன் பேச்சைக் கேட்பதில்லை, சரி. ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தால் தாராளமாக இறங்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். நீதான் 'பார்க்கலாம்' என்கிறாய். உன் 'பார்க்கலாம்' என்றால் 'முடியாது' என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் நான் முன்கூட்டியே வந்தேன். உனக்குத் தோதான இடத்தைக் கண்டுபிடித்து, நீ சாக்குச் சொல்ல ஒரு ஓட்டைகூட இல்லாமல் அடைத்துவிடுவது என் திட்டம்.

உன் பல் டாக்டர் வரவேற்பறையில் மாட்டியிருக்கும் படம் இந்தக் கடற்கரைதான். ஆனால் படத்தில் இருப்பது நடுப்பகுதி மட்டும். நிஜத்தில் கரை வில்லாக வளைந்து நீளமாகப் போகிறது. உலகத்தில் பாதிப்பேர் நடுப்பகுதியில்தான் நிற்கிறார்கள், ஒருவரை ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டு. ஒரு பக்கம் ஒலிபெருக்கி, ஒரு பக்கம் காற்றடைத்த படகில் அலறிக்கொண்டு போகிற கூட்டம். அது நமக்குச் சரிவராது.

வடக்கு முனைக்குப் போனேன். அக்கா, உனக்காகவே அளவெடுத்துச் செய்தது போல ஒரு கரை! ஓட்டல் வாசலில் இருந்தே தட்டையான, கெட்டியான மணல். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடக்கிறது. ஓட்டலில் சக்கர நாற்காலி ஒன்று வாங்கி, நான் உட்கார, இவர் தள்ள, நம் குளத்துக் கரையில் ஓடுவது போல ஓடியது. கீழ்த்தளத்தில் கடலைப் பார்த்த ரூமே சொல்லிவிட்டேன். காலையில் எழுந்து கதவைத் திறந்தால் நீ தண்ணீரில் இருக்கலாம்.

இனி என்ன சாக்கு சொல்லப்போகிறாய் என்று பார்க்கிறேன். பழைய நீல நீச்சலுடையை எடுத்து வை. மாத்திரைகளை அத்தான் கையில் கொடுக்காதே, மறந்துவிடுவார்.

உன் அன்புத் தங்கை

---

அன்புள்ள அக்காவுக்கு,

வடக்கு முனையைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியதை எல்லாம் அழித்துவிடு. சிரிக்காமல் படி.

அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டுத் திரும்பினால் கரையைக் காணோம். காலையில் நான் சக்கர நாற்காலியில் பவனி வந்த இடத்தில் கடல் நிற்கிறது. அலை ஓட்டல் படிக்கட்டில் வந்து மோதுகிறது. படியோரம் விட்டுவைத்திருந்த இவருடைய செருப்பில் ஒன்று மிதந்து போய்விட்டது. மிச்சம் இருந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கடல் ஏறும், இறங்கும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் குளத்தில் எவ்வளவு ஆழம் என்று சுவரில் எழுதியிருப்பார்கள், எழுதியது எழுதியபடியே இருக்கும். ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும் என்று நமக்குப் பழகிவிட்டது. நீ வந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பாய். விசில் ஊதிக் கடலை உள்ளே போகச் சொல்லியிருப்பாய், அது ஒன்றுதான் வித்தியாசம்.

கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்த அன்று அத்தான் போன் செய்தார். என் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்துவிட்டாயாம். "அவ வரலைங்கறா. ரூமை வேணாம்னு சொல்லிடும்மா. தண்ணின்னா பயப்படறா, விட்டுடலாம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரிடமே ஏதாவது சொல்லியிருப்பேன், இருமல் சத்தம் கேட்டதால் தப்பித்தார். உனக்குத் தண்ணீரில் பயமா? ஊரில் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்குப் பயத்தை விரட்டியவள் நீ.

எதற்குத்தான் பயப்படுகிறாய் என்று நானே பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். இடது கையைத் துப்பட்டாவால் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். இடது முழங்கால் மடங்காமல் இருக்க ஒரு மரச்சட்டத்தை வைத்து இவருடைய கறுப்பு டேப்பால் சுற்றச் சொன்னேன். உல்லாசப் பயணத்துக்கும் டேப் எடுத்துக்கொண்டு வருகிற மனிதரைக் கட்டிக்கொண்டதன் பலன் அன்றைக்குத்தான் தெரிந்தது. உன் கையும் காலும் இப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒன்றுமே தெரியாமல் புத்தி சொல்வதற்கு இது மேல் அல்லவா?

அப்போது வடக்கில் கரை இல்லை. அதனால் நடுப்பகுதியில் இறங்கினேன். உள்ளே போய்விட்டால் ஒரு கஷ்டமும் இல்லை. ஒரு கையாலும் ஒரு காலாலும் நன்றாகவே நீந்தலாம். மல்லாந்து மிதந்தேன், வானத்தைப் பார்த்தேன், கட்டியிருப்பதே மறந்துபோனது. வெளியே வரும்போதுதான் வினை. இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்றேன். அலை பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளியது, குப்புற விழுந்தேன். எழுந்தேன், மறுபடியும் விழுந்தேன். யாரோ இரண்டு பேர் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி மணலில் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். நல்ல மனிதர்கள்தான். ஒரு பெண்மணி என் கன்னத்தைத் தடவி, "இந்த நிலைமையிலயும் கடலுக்கு வந்திருக்கீங்களே, இந்தத் தைரியம் யாருக்கு வரும்?" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

அக்கா, எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அந்தப் பெண்மணியை அறையலாம் போலவும் இருந்தது. டேப்பைக் கிழித்துக் காட்டவும் வெட்கம். இவர் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே ரூம்வரை வந்தேன். வழியெல்லாம் இவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் நிறுத்திவிட்டார்.

ரூமில் உட்கார்ந்து டேப்பை உரிக்கும்போதுதான் உன் குளத்தில் நடந்தது ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்து முதன்முதலாக நீ தண்ணீரில் இறங்கிய அன்று நானும் கூட இருந்தேன். உள்ளே நீ சிரித்துக்கொண்டுதான் இருந்தாய். ஏணியில் உன் கால் ஏறவில்லை. அத்தானும் லைஃப்கார்டும் உன்னை அக்குளில் பிடித்து மேலே தூக்கினார்கள். உன்னிடம் நீச்சல் படித்தவர்கள் கரையில் வரிசையாக நின்று கை தட்டினார்கள். பாவம், அன்பால்தான் தட்டினார்கள். நீ துண்டை எடுத்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டாய். தலை துவட்டுகிறாய் என்று நினைத்தோம். அதற்குப் பிறகு நீ குளத்துப் பக்கம் போகவே இல்லை. தண்ணீரைக் கண்டு பயந்துவிட்டாய் என்று அத்தான், நான், டாக்டர் எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டோம். உன்னை யாரும் கேட்கவில்லை. நானும் இத்தனை நாள் இந்தக் கரை முழுக்க நீ இறங்குவதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தேனே தவிர, ஏறுவதற்கு எங்கே தோது என்று பார்க்கவே இல்லை.

அடுத்த நாள் தெற்கு முனைக்கு நடந்தேன். அங்கே குடை கிடையாது, சாய்வு நாற்காலி கிடையாது, ஒரே ஒரு டீக்கடை. பாறைகள் கடலுக்குள் நீண்டு கிடப்பதால் பெரிய அலையெல்லாம் வெளியிலேயே உடைந்துவிடுகிறது, உள்ளே வருவது சின்ன அலைதான். மணல் மெதுவாகச் சரிந்து இறங்குகிறது. சூடு பட்டவள் அல்லவா, கடல் ஏறியிருக்கும்போதும் போய்ப் பார்த்தேன், இறங்கியிருக்கும்போதும் போய்ப் பார்த்தேன். சரிவு மாறவில்லை.

மறுபடியும் துப்பட்டா, மறுபடியும் டேப். இவரைக் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னேன். வகுப்புக்கு வெளியே நிறுத்திவைத்த பையன் மாதிரி நின்றுகொண்டு, "உயிரோட இருக்கியா?" என்று மட்டும் அவ்வப்போது கேட்டார். வெளியே வருவதற்கு வழி என்னவென்றால், நிற்கவே கூடாது. தண்ணீர் முழங்கால் ஆழத்துக்கு வந்ததும் கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துவிட வேண்டும். வலது கையைப் பின்னால் ஊன்றி வலது காலால் உந்தினால், அடுத்த அலை வந்து மீதியைப் பார்த்துக்கொள்கிறது. அலைக்கு ஒரு முழம் வரலாம். பார்க்க அழகாக இருக்காது. நீச்சலுடை முழுக்க மணல், சொல்லக்கூடாத இடத்தில் எல்லாம் மணல். ஆனால் நானே வந்தேன் அக்கா. ஒருவர் கையும் என்மேல் படவில்லை. உலர்ந்த மணலில் வந்து உட்கார்ந்ததும் உன்னை நினைத்து அழுதுவிட்டேன். கூப்பிட்ட பிறகு இவர் திரும்பிப் பார்த்து, "முடிஞ்சுதா? இதுக்கா என்னை இவ்வளவு நேரம் வெயில்ல நிக்க வெச்சே?" என்றார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்த மணலில் சக்கர நாற்காலி ஓடாது. ஊன்றுகோலோடு நடக்க வேண்டும், நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து. கழிவறை தூரம். டீ வெந்நீர் மாதிரி இருக்கிறது. வடக்கு முனை ரூமை விட்டுவிட்டு இங்கே ஒரு சின்ன விடுதிக்கு மாறிவிட்டோம். கட்டில் கொஞ்சம் முனகும், இவரும்தான்.

அத்தானிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். "அவ விழுந்துட்டான்னா?" என்று கேட்டார். விழுந்தால் அவளே எழுந்திருப்பாள், கூப்பிட்டால் மட்டும் போங்கள் என்றேன். "பாக்காம இருக்க என்னால முடியாதும்மா" என்றார். அழுதாரோ, இருமினாரோ, தெரியவில்லை. கடைசியில், பார்க்கலாம், ஆனால் கூப்பிடாமல் கிட்டே போகக் கூடாது என்று ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அவர் வாக்கைக் காப்பாற்றுகிறாரா என்று பார்ப்பது என் பொறுப்பு. நான் காப்பாற்றுகிறேனா என்று நீ பார்த்துக்கொள்.

சின்னவள் பெரியவளுக்கு ஆசி சொல்வது முறையில்லை. கெஞ்சுவதும் எனக்கு வராது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கட்டெல்லாம் அவிழ்த்துவிட்டு நான் தினமும் இங்கே நீந்துகிறேன். நன்றாகத்தான் நீந்துகிறேன். ஆனால் சின்ன வயசில் இருந்து எனக்கு முன்னால் நீ தண்ணீரை உதைத்துக்கொண்டு போவாய், உன் கால்களைத் துரத்தித்தான் எனக்குப் பழக்கம். இப்போது முன்னால் யாருமே இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை அக்கா.

இந்த முறை நீ எனக்குப் பின்னால்தான் வருவாய். அதற்காக நான் மெதுவாகப் போகப்போவதில்லை. வந்து பிடி.

உன் அன்புத் தங்கை