படகில் யாரும் பேசாத மத்தியானம்

மார்ச் 3
இன்றைக்குப் பதினொரு காதுகள். பதினொன்றிலும் காது கேட்கும் மெஷின் மாட்டி, "கேக்குதா? கேக்குதா?" என்று கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஊரார் காதெல்லாம் என் கைக்கு அடங்குகிறது, பெற்றவள் காது மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது. நான்கு மாதத்துக்கு முன் பார்த்துப் பார்த்துப் பொருத்தினேன். ஞாயிறுதோறும் அவள் வீட்டுக்குப் போகிறேன், அது மூக்குக்கண்ணாடிக் கூட்டில்தான் தூங்குகிறது.

அண்ணன் போன் செய்தான். "நேத்து அவ்வளவு நேரம் தட்டியும் அம்மா கதவைத் திறக்கல. மெஷின் போட்டா தன் வீட்டுல இருக்கட்டும். இல்லேன்னா மாசக் கடைசியில என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவேன்." அதற்கு முன் இதமாகப் பேசிப் பார்க்க, எல்லாருமாக ஆற்றில் மூன்று நாள் படகுப் பயணமாம். பேச வேறு இடமே கிடைக்கவில்லையா இவனுக்கு?

மார்ச் 13, வெள்ளி
ஆறு அசையவே இல்லை. அண்ணன் வாய்தான் ஓடுகிறது. இதமாகப் பேசுகிறேன் என்றவன் காலை டீ ஆறுவதற்குள் ஆரம்பித்துவிட்டான். நானும் விடவில்லை. அம்மா மெஷினைக் கூட்டோடு எடுத்து வந்திருக்கிறாள், அதுவே பெரிசு! அவளை நடுவில் வைத்துக்கொண்டே வீட்டை வாடகைக்கு விடுவதா, பூட்டி வைப்பதா, பீரோ யாருக்கு என்று இரண்டு மணி நேரம். "மெதுவா பேசுங்க" என்றாள் அண்ணி.

"அம்மாவுக்குக் கேக்கவா போகுது?" — சொன்னது நான்தான்.

மார்ச் 14, சனி
படகை ஓட்டின அண்ணனிடம் வலது பக்கம் ஆழமில்லைன்னு பத்து தடவை சொன்னேன். கேட்டானா? படகு மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. காது கேட்காதது அம்மாவுக்கா, இவனுக்கா? அதற்கு அவன், "ஊருக்கெல்லாம் மெஷின் மாட்டுற, பெத்த அம்மாவுக்கு மாட்டத் துப்பில்ல" என்றான். சுருக்கென்றது.

"கதவை நாலு தட்டு தட்டிட்டு ஓடி வந்தவன்தானே நீ?" என்றேன்.

அதோடு பேச்சு நின்றது. ஒன்றரை மணிக்கு நின்றது, இழுத்துவிட வேறு படகு வந்த ஐந்து மணி வரைக்கும் எங்களில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணிகூட. அம்மா வெயிலுக்குத் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கரைக்கு முதுகைக் காட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று, "பின்னால ஒரு மரங்கொத்தி கொத்திட்டே இருக்கு" என்றாள். எங்கே பார்த்தாளோ! இருந்த எரிச்சலில் நான் திரும்பக்கூட இல்லை.

மார்ச் 15
வீடு வந்து சேர்ந்தாச்சு. "நல்லா இருந்துச்சு" என்கிறாள் அம்மா. எது? எது நல்லா இருந்துச்சு?

மார்ச் 20
போய் மெஷினை எடுத்து வந்துவிட்டேன். போடுகிறவர்களுக்காவது கொடுக்கலாம். அம்மாவிடம் துடைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "சீக்கிரம் கொண்டு வந்துடுவியா?" என்று இரண்டு தரம் கேட்டாள். ரொம்பத்தான்!

மார்ச் 21
கடையில் மெஷினைக் கணினியில் இணைத்தேன். எந்த நாளில் எத்தனை மணி நேரம் காதில் இருந்தது என்பது அதற்குள் பதிவாகும். எல்லாம் பூஜ்யமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு மணி நேரம். பதின்மூன்று. பன்னிரண்டரை. நான்கு மாதமும் அப்படித்தான். நான் போகும் ஞாயிறுகளில் மட்டும் பூஜ்யம். அண்ணன் கதவைத் தட்டிய அன்று பதினான்கு! கேட்டுக்கொண்டேதான் உட்கார்ந்திருந்திருக்கிறாள், மகராசி.

படகில் வெள்ளி, பூஜ்யம். ஞாயிறு, பூஜ்யம். சனிக்கிழமை மூன்றரை மணி நேரம்.

இந்த நோட்டில் ஒரு பக்கம் பின்னால் புரட்டினேன். ஒன்றரையிலிருந்து ஐந்து. ஐயோ, அந்த மரங்கொத்தி.

வெட்கமாக இருக்கிறது. எங்கள் பேச்சைத் தவிர எல்லாவற்றையும் அவள் கேட்டிருக்கிறாள். அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவனிடமிருந்து ஒரே வரி: "சரி, அங்கேயே இருக்கட்டும்."

மார்ச் 22, ஞாயிறு
மெஷினைக் கொடுத்தேன். அம்மா வாங்கிக் கூட்டில் வைத்து மூடினாள். எதிரே உட்கார்ந்து பட்டாணி உரித்தேன். வாய் துறுதுறுவென்றது, அடக்கிக்கொண்டேன். அரை மணி ஆகியிருக்கும். கூடு திறக்கும் சத்தம் கேட்டது. மாட்டிக்கொண்டாள்.

"ம், இப்ப சொல்லு" என்றாள்.