ருமேனியாவில் நிறைகள் ஏழு, குறைகள் இல்லை

3.8.2009, திங்கள். காமயகவுண்டன்பட்டி.
ஊருக்கு வந்து பத்து நாள். அதற்குள் நாடி பார்க்கச் சொல்லிக் கை நீட்டியவர்கள் பதினான்கு பேர். ருமேனியாவில் மூன்று வருடம் மருத்துவம் படித்தவள் என்றால் சும்மாவா? அப்பாவே ஆள் பிடித்து அனுப்புகிறார். மூன்றாம் வருடம் நான் பெயில், திரும்பப் படிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. நாளைக்குச் சொல்லிவிடுவேன் — பத்து நாளாக இப்படித்தான் எழுதுகிறேன்.

5.8.2009
என்னை அங்கே அனுப்பிவைத்த ஏஜெண்ட் முத்துராஜா தேனியிலிருந்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை தேனியில் ஒரு மண்டபத்தில் கூட்டமாம். அங்கே படிப்பதன் நிறைகுறைகளை நான் பேச வேண்டுமாம். தாளையும் அவரே எழுதிக் கொண்டுவந்துவிட்டார். நிறைகள் ஏழு. ராகிங் இல்லை. எல்லாமே இங்கிலீஷ். கொடைக்கானல் மாதிரி குளிர். (மூக்குக்குள் முடி உறைவதைக் கொடைக்கானலில் நான் கண்டதில்லை.)
“குறை எங்கண்ணே?”
“அதான் ஒண்ணுமே இல்லையே முத்துலட்சுமி!”
அப்பாவுக்கு முதல் வரிசையில் நாற்காலியாம். அப்பா அப்போதே பட்டுக்கரை வேட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

7.8.2009
அங்கே நல்லதும் உண்டு. எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. தெரியாததைத் தெரியாது என்று பேராசிரியரிடமே சொல்லலாம். பொய்யில்லை, அந்த ஊர் எனக்குப் பிடிக்கும்.
ஆனால் பாடம்தான் இங்கிலீஷ். நோயாளிக்கு ருமேனிய மொழி மட்டும்தான். வார்டில் ஒரு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பேசினார். நான் தலையாட்டினேன். “என்ன சொன்னார்?” என்றார் பேராசிரியர். என்ன சொன்னாரோ! அதில்தான் பெயில். மறுதேர்விலும்.
அப்பா திட்டுனா பரவாயில்ல. அழுதுட்டாகன்னா நான் என்ன செய்ய?

8.8.2009
நாளைக்குக் கூட்டம். அப்பா தலைக்கு மை அடித்திருக்கிறார். காதிலும் கொஞ்சம்.

9.8.2009, ஞாயிறு
ஐந்து நிறைகள் சொல்லி முடித்தேன். கைதட்டல். போடியில் கடை வைத்திருக்கும் ஞானபாக்கியம் அக்காவின் மகள் ஜெனிபர், பிளஸ் டூ முடித்த பிள்ளை, எழுந்து நின்றாள்.
“அக்கா, அவுக பாசை தெரியாம நோயாளிககிட்ட எப்படிப் பேசுவீக?”
முத்துராஜா மைக்கை வாங்கக் கை நீட்டினார். கொடுத்திருக்கலாம். அந்தப் பிள்ளை நான் சொல்வதை எழுதிக்கொள்ள நோட்டோடு நின்றாள்.
“பேச முடியாது. என்னால முடியல, பெயிலாயிட்டேன். மூணாம் வருசத்த மறுபடி படிக்கணும். போறதுன்னா மொழியப் படிச்சுட்டுப் போ.”
மைக் நின்றுவிட்டது. மின்விசிறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.
திரும்பும் பஸ் சின்னமனூர் தாண்டியது. “எங்கிட்டச் சொல்லாம மைக்குல சொல்லுற” என்றார் அப்பா. அவ்வளவுதான்.

12.8.2009
“சோறு வேணுமான்னு அவளக் கேளு” — அப்பா, அம்மாவிடம். ‘அவள்’ ஆகிய நான் எதிரிலேதான் இருக்கிறேன். நான்கு பேர் பின்வாங்கிவிட்டார்கள் என்று முத்துராஜா போனில் கத்தினார். ஜெனிபரும் பேசினாள். போவாளாம், அடுத்த வருடம். ருமேனிய மொழிப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

24.9.2009, வியாழன்
கிளம்பிவிட்டேன். மதுரை வரை அப்பாவும் வந்தார், நான் கேட்காமலே. கம்பத்தில் எங்கள் ஊர் சின்னச்சாமி அண்ணன் அதே பஸ்ஸில் ஏறினார்.
“என்ன டாக்டரம்மா, படிப்பு முடியப்போகுதா?”
நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார், பாதி பஸ்ஸுக்குக் கேட்கும்படி: “எங்கிட்டு முடிய? மூணாம் வருசம் பெயிலு. மறுபடி படிக்கப் போறா.”
சின்னச்சாமி அண்ணன் சிரித்தார்.
“சிரிக்காதப்பா,” என்றார் அப்பா. “கஷ்டமான படிப்பு.”