உனக்காக நான் சுவைத்த ஒற்றைப் பீப்பாய்

கோபம் வந்தாலும் "மாப்ளே" என்றே திட்டிய என் சேவியர் மச்சானுக்கு,

உன் முதலாண்டு நினைவுப் பூசை நல்லபடியாக முடிந்தது. கோயில் கொள்ளாத கூட்டம். உனக்காக வந்தார்களா, பிரியாணிக்காக வந்தார்களா என்று சரியாகத் தெரியவில்லை. சாமியார் பிரசங்கத்தில் உன்னை "பீர்மேட்டுத் தேயிலையின் நாக்கு" என்றார். உன் நாக்கைப் பற்றி வேறு அபிப்பிராயம் வைத்திருந்த ஃபேக்டரி ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் சிரித்துவிட்டேன். வெளியே வந்ததும் உன் தங்கச்சி ஸ்டெல்லா என் கையைக் கிள்ளியது இன்னும் கன்றியிருக்கிறது.

பத்திரிகையில் ஊரைக் கேலி செய்து பிழைக்கிறவன் நான். இந்தத் தடவை அதற்காக எழுத உட்காரவில்லை, மச்சான். பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் மகள் ரோசி ஸ்காட்லாந்திலிருந்து வந்திருந்தாள். நர்ஸ் வேலையில் லீவு கிடைக்காமல் இரண்டு தடவை தள்ளிப்போட்ட பயணம். நீ இருக்கும்போது வந்திருக்க வேண்டியவள், நீ போய் ஒரு வருஷம் கழித்து வந்தாள். பெட்டியில் துணிகளுக்கு நடுவே குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றி ஒரு விஸ்கி புட்டி. லேபிளில் பீப்பாய் எண், புட்டி எண் இரண்டும் யாரோ கையால் எழுதியிருந்தார்கள். வேறெதோடும் கலக்காமல் ஒரே பீப்பாயிலிருந்து இறக்கியது. அந்தப் பீப்பாய் காலியானால் அந்த ருசி உலகத்தில் கிடையாது.

நீ கேட்டதாம். கிறிஸ்துமஸுக்கு ஒரு மடக்கு தவிர எதையும் தொடாத நீ, போனில் கேட்டாயாமே. "ரெண்டு நாள் தேயிலைத் தூளக் கலந்துட்டா எவன் தப்பு பண்ணினான்னு தெரியாது. ஒரே பீப்பாயின்னா ஒளிய இடமே இல்லல்லா? அத ஒருக்கா பாக்கணும்" என்று. ஃபேக்டரியில் தூள் பதம் பார்க்கிற டீ மேக்கர் புத்தி உனக்கு எங்கே போகும்?

இப்போது நீ இல்லை. அவள் டம்ளரில் இரண்டு விரல் அளவு ஊற்றி என் முன்னால் வைத்தாள்.

"மாமா, அப்பா என்ன சொல்லியிருப்பாங்கன்னு நீங்கதான் சொல்லணும். உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்கு முதுகுவலி, பாலக்காட்டுப் பக்கம் எண்ணெய் வைத்தியத்துக்குப் போயிருக்கிறேன் என்று அவளிடம் சொன்னவன் நீதானே? நீ சொன்ன ஒரே பொய். எனக்காகச் சொன்னாய். உண்மையில் பெருமாட்டிக்குப் பக்கத்தில் குடி மறக்கச் செய்யும் ஒரு வீட்டில் என்னைக் கொண்டுபோய் விட்டாய். போய் இறங்கினால் சுற்றிலும் தென்னந்தோப்பு, மரத்துக்கு மரம் கள்ளுப்பானை. அங்கிருந்த பெரியவர் முதல் நாளே சொன்ன மருந்து இது: "ஏனுங்க, நடக்கறப்ப அண்ணாந்து பாக்காதீங்க." ஒரு மாதம் தரையைப் பார்த்தே நடந்தேன். நீ போனபோதும் தொடவில்லை. உன்னைக் குழியில் இறக்கிய அன்றுகூட.

டம்ளரிலிருந்து வாசம் எழுந்தது. ஸ்டெல்லா அடுப்படி வாசலில் ஈரத்துணியோடு நின்றாள். அவள் வாயைத் திறந்தால் நீ சொன்ன பொய் உடையும். நான் திறந்தால் என் மானம் போகும். உன் மகள் முகத்தைப் பார்த்து எப்படி மாட்டேன் என்பது? நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

நீ தேயிலை ருசி பார்க்கிற விதம் ஞாபகம் வந்தது. கரண்டியால் எடுத்து, விசில் மாதிரி உறிஞ்சி, வாய் முழுக்க உருட்டி, டப்பாவில் துப்புவாய். முப்பது கோப்பை பார்த்தாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது. நான் கரண்டி கேட்டேன். ரோசிக்குக் கண் மலர்ந்துவிட்டது. உன்னைப்போலவே உறிஞ்சினேன்.

மச்சான், வாய்க்குள் தீயும் தேனும். பின்னாலேயே புகை, மழையில் நனைந்த விறகுப் புகை. பதினைந்து மாதமாக என் நாக்கு இதற்காகத்தான் உயிரோடு இருந்தது என்று தோன்றியது. துப்பினேன். துப்பிவிட்டு, புகையேறிய தேயிலையைக் கண்டால் திட்டுகிற உன் குரலில் சொன்னேன்:

"புகை புடிச்சிருக்கு. டிரையர்ல எங்கயோ ஓட்டை. எவம்லே டூட்டியில இருந்தது?"

ரோசி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகி, ஒரு வருஷமாக அவள் அங்கே தனியாக அழாமல் வைத்திருந்ததெல்லாம் என் தோளில் இறங்கியது. நல்ல காரியம்தான் செய்தேன் என்று நினைத்தேன். திரும்பிப் போகும்போது, "மிச்சம் மாமாவுக்கு" என்று புட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

துப்பியது முழுக்க வெளியே வந்ததா? எனக்குத் தெரியவில்லை. ஒரு சொட்டு தொண்டையில் இறங்கியது. நான் இறக்கினேனா, அதுவாக இறங்கியதா?

அதற்கப்புறம் ஒன்பது நாள் அந்தப் புட்டி அலமாரியில், சேலைகளுக்கு நடுவே. ஸ்டெல்லாவால் கொட்ட முடியவில்லை. அண்ணனுக்கென்று வந்தது, இனிக் கிடைக்காதது. எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுதுகிற மேசையை அலமாரிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டேன். மூக்கை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது?

இன்று காலை தாங்க முடியாமல் ரோசியைப் போனில் கூப்பிட்டேன். "எனக்கு முதுகுல ஒன்னும் இல்லம்மா, குடிதான்" என்றேன். அன்று ஒரு சொட்டு உள்ளே இறங்கியதையும் சொன்னேன். "அப்போ அன்னைக்கு அந்தச் சொட்டு நான் குடுத்ததா மாமா?" என்று கேட்டாள். நீ இருக்கும்போது வராமல் போன பாரத்தோடு இதையும் அவள் தலையில் ஏற்றிவிட்டேன். இல்லை, என் வாய், என் தொண்டை என்றேன். நம்பினாளோ என்னமோ. கடைசியில், "அத்தைகிட்ட போனக் குடுங்க" என்றாள்.

"குழாய நல்லாத் தொறந்துவிட்டு ஊத்துங்கத்தே. மாமா வெளிய போகட்டும், வாசம் அவங்க மூக்குக்குப் போகக்கூடாது."

நான் முன்வாசலில்தான் நின்றேன். கால் எப்போது பின்பக்கம் போனது என்று சத்தியமாகத் தெரியாது. அடுப்படித் தண்ணீர் வந்து விழுகிற ஓடையோரம் முட்டிபோட்டிருந்தேன், மச்சான். ஊரைச் சிரிக்க வைக்கிறவன். கை நனைந்திருந்தது. ஜன்னலில் ஸ்டெல்லா. புட்டி காலியான பிறகும் குழாயை மூடாமல் விட்டாள். வாசமெல்லாம் அடித்துப்போகும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

இனிச் சத்தியம் கித்தியம் கிடையாது. ஸ்டெல்லா தலையில் நான் அடித்த சத்தியங்களால் அவளுக்குப் பாதி முடி கொட்டிப்போயிற்று. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன், சின்னது. அடுத்த தடவை கால் பின்பக்கம் திரும்பினால், முட்டி போடுவதற்கு முன்னால் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். தெரு முழுக்கக் கேட்டாலும் சரி.

உன் தங்கச்சியை உன்னிடம் கேட்டு வாங்கிவந்த,
மாப்பிள்ளை.