கம்பி மாற்றிக் கட்டிய யூகலேலே

விருத்தாசலம்,
வியாழக்கிழமை இரவு.

வெண்மதியின் அப்பாவுக்கு,

துர்கா எழுதுவது. இங்கே நானும் குழந்தையும் சுகம். நீங்களும் சுகம் என்று வாரம் தவறாமல் சொல்கிறீர்கள். அதில்தான் எனக்குச் சந்தேகம்.

போனில் கேட்டால் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவீர்கள். வெண்மதியும் என் தோளில் தொங்கிக்கொண்டு நிற்பாள். அதனால் அவளைத் தூங்க வைத்துவிட்டு எழுதுகிறேன். மங்கலம்பேட்டை நிஜாம் பாய் திங்கட்கிழமை மஸ்கட் திரும்புகிறார். யூகலேலேயைக் கொண்டுவந்தவர் கையிலேயே இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் அனுப்பிய டெனார் யூகலேலே பத்திரமாக வந்தது, கிடாருக்குத் தம்பி மாதிரி. ஸ்கூலுக்காக வாங்கிய சின்னதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சின்னதற்கு முகப்பு பிளைவுட். இதில் ஒரே பலகை. மேலே ஓடுகிற மர ரேகை நடுத் துளையின் விளிம்பிலும் அப்படியே இறங்குகிறது. சூளையிலிருந்து வந்த கோப்பையைச் சுண்டிப் பார்ப்போமே, அப்படி இரண்டையும் சுண்டினேன். செராமிக் டிப்ளமோவுக்கு இந்த வீட்டில் வேறு என்ன வேலை? சின்னது டொக்கென்று நின்றுவிட்டது. பெரியது கனமாக எழுந்து, கையை எடுத்த பிறகும் உள்ளுக்குள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது. விரிசல் எங்கும் இல்லை. கம்பிகளுக்கு நடுவே தாராளமாக இடம் இருப்பதால் விரல் இடிக்கவில்லை என்கிறாள் வெண்மதி. பொருளில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அவள் மடியில் வைத்து வாசித்தபோது எல்லாம் கோணலாக வந்தது. "இது நம்ம பேச்சக் கேக்க மாட்டேங்குதும்மா, வேற யாரோ பழக்கி வச்சிருக்காங்க" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அப்புறம்தான் பார்த்தோம். நாலு கம்பியும் தலைகீழ் வரிசையில் கட்டியிருக்கிறது, இடக்கைக்காரர் வாசிப்பதற்குக் கட்டுகிற மாதிரி. உச்சியில் கம்பி உட்காரும் பள்ளம் ஒன்றை அரத்தால் ராவி அகலமாக்கியிருக்கிறது. முகப்பில் நகம் பட்ட கீறல்கள் வேறு.

கடையில் புதுசாக வாங்கியது, பிரிக்கவே இல்லை என்றீர்கள். கம்பியை முறுக்கும் ஆணியில் பிளாஸ்டிக் தாள்கூட உரியாமல் இருக்கிறது. ஆக, புதுசுதான். அந்தப் புதுசை இத்தனை நாள் வாசித்தது யார்? உங்கள் அக்கா அன்புக்கரசி வந்திருந்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னா துர்கா, எந்த மகராசி வாசிச்சுக் களைச்சுப்போயி குடுத்தனுப்புனாளோ" என்று சிரித்தார். அவருக்கு அது விளையாட்டு. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறைக்காமல் சொல்கிறேன், நானும் அதைத்தான் நினைத்தேன். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிடலாம் என்று அம்மா சொல்ல, போன செவ்வாய்க்கிழமை போனேன். தாள் வாங்கி, என் பேர், ஊர், உங்கள் பேர் எல்லாம் எழுதினேன். யார் மேல் பிராது என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பெயர் தெரியாதவள் மேல் சாமியிடம் எப்படிப் புகார் கொடுப்பது? எழுதியதை மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மறுபடியும் அதைக் கையில் எடுத்தேன். கழுத்தின் ஓரத்தில், வாசிப்பவர் குனிந்து பார்க்க வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன. கம்பெனி வைத்தது ஓர் ஓரத்தில். எதிர் ஓரத்திலும் யாரோ பெயிண்டால் வைத்து, வழிந்ததைச் சுற்றிலும் ஊசி முனையால் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். நம் டிப்ளமோ கிளாஸில் கோப்பைக்குப் பூ வரையும்போது அப்படிச் சுரண்டியது ஒரே ஆள்தான். "ஏம்பா ராஜவேலு, பூ வெக்கச் சொன்னா ஆபரேஷன் பண்றியே" என்று சார் கேலி செய்வார். ஞாபகம் இருக்கிறதா?

வேறு யாரும் இல்லை, வாசித்தது நீங்கள்தான் என்று தெரிந்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன வருஷம் நீங்கள் அனுப்பிய வீடியோவில், நண்பரின் யூகலேலேயில் இடது கையால்தான் அழுத்தி வாசித்தீர்கள். இப்படி மாற்றிக் கட்டினால் வலது கையால்தான் அழுத்த வேண்டும். வலது கைக்கு ஏன் மாறினீர்கள்?

ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. முன்பெல்லாம் ஒரு கையில் போன், ஒரு கையில் டீயோடு பேசுவீர்கள். இப்போது போனை எதிலோ சாய்த்து வைத்து முகம் மட்டும் காட்டுகிறீர்கள். எந்தக் கட்டையில் எந்த விரல் என்று காட்டச் சொல்லி வெண்மதி கெஞ்சினால் உடனே சிக்னல் போய்விடுகிறது. ஃபேக்டரியில் பிரஸ் மெஷினிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள், லேசான வேலை என்று தீபாவளிக்கு முன் சொன்னீர்கள். நாங்கள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் இனிப்பு கொடுத்தோம்.

நிஜாம் பாய் பெட்டியை இறக்கி வைத்ததும், உங்களைப் பற்றி, எப்படி இருக்கிறார் என்று மட்டும்தான் கேட்டேன். "நல்லாத்தான் இருக்காரு தங்கச்சி, கையெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றார். கையைப் பற்றி நான் கேட்கவே இல்லை. ஊற்றிய டீயைக்கூடக் குடிக்காமல் போயிட்டு வரேன் என்று கிளம்பிவிட்டார்.

கோயிலில் எழுதாமல் விட்ட பிராதுதான் இந்தக் கடிதம். உங்கள் மேல் உங்களிடமே கொடுக்கிறேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நீங்கள் கூப்பிடுகிற நேரத்துக்கு வெண்மதியை அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். போனை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையைத் தூக்கிக் காட்டுங்கள். எப்படி இருந்தாலும் காட்டுங்கள். அழ மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. போனை வைக்க மாட்டேன் என்று செய்கிறேன்.

கம்பியை மாற்றிக் கட்டச் சொல்லி வெண்மதி தினமும் நச்சரிக்கிறாள். நான் விடவில்லை. அப்பா வந்து அப்படியே வாசித்துக் காட்டுவார், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

பெரியநாயகி அம்மன் உங்கள் இரண்டு கைகளுக்கும் துணையிருக்கட்டும்.

உங்கள்
துர்கா