எழுந்து நின்ற திரைச்சீலைப் பூக்கள்

என் கூடப்பிறந்தவளே மைமூன்,

நீ துபாயில் மவுத்தாகி, அங்கேயே அடக்கமாகி ஒரு நோன்புப் பெருநாளும் போய்விட்டது. தேவிபட்டினத்தில் அக்கா முறை சொல்லி என்னை "ராத்தா" என்று கூப்பிட இனி யாருமில்லை. வீட்டில் நானும் போனும்தான்.

உன்மேல் எனக்கு இரண்டு கோபம். என் மகள் கல்யாணத்தில் கை நனைக்காமல் போனாய். சாப்பிடாமலே பிரியாணியில் உப்பில்லை என்று நீ யாரிடம் சொன்னாய் என்பதும் எனக்குத் தெரியும்.

மற்றது நம் கடைசி வீடியோ கால். உன் மகன் வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே, "உம்மாட்டக் குடுக்குறேன் பெரியம்மா" என்றான். நான் ஸலாம் சொன்னேன். பதிலில்லை. உன் முகமும் வரவில்லை. ஜன்னலின் பூப்போட்ட திரைச்சீலைதான் தெரிந்தது. நோயில் படுக்கையில் கிடந்தும் என்னைப் பார்க்கப் பிடிக்காமல் போனைத் திருப்பிவிட்டாளே என்று வைத்துவிட்டேன். நீயாகக் கூப்பிடட்டும் என்று இருந்தேன். நீ போய்விட்டாய். ஸலாமுக்குப் பதில் தராதவளை எப்படி மன்னிப்பது?

பேத்தி ஷிஃபா சென்னையில் வீடியோ சம்பந்தமான வேலை பார்க்கிறாள். அன்று இங்கே வந்திருந்து அந்த வீடியோ காலை என் போனில் பதிந்து வைத்திருந்தவள், போன வாரம் வந்தபோது போட்டுக் காட்டினாள்.

"நன்னிமா, போன் ஒவ்வொரு தடவையும் முழுப் படத்த அனுப்பாது. படத்தக் கட்டம் கட்டமாப் பிரிச்சு, இந்தக் கட்டம் இங்கன இருந்து அங்கன நகந்துச்சுன்னு சொல்லிவிடும். நம்ம போன் பழைய கட்டத்தையே நகத்தி வச்சுக்கிரும்."

"அப்ப அவ மூஞ்சி எங்கடி?"

"சின்ன நன்னி பக்கம் திருப்புனப்ப வந்த புதுப் படம் வழியில தொலஞ்சுபோச்சு. சத்தமும் போச்சு. அவுக அசைஞ்சது மட்டும் வந்துச்சு. அந்த அசைவுக்கு நம்ம போன் திரைச்சீலைய நகத்தியிருக்கு. பாருங்க."

பார்த்தேன். கீழே கிடந்த பூக்கள் கட்டம் கட்டமாகக் கிளம்பி மேலே போயின. உன் நெற்றி இருந்திருக்க வேண்டிய உயரத்தில் நின்றன.

ஸலாம் சொல்லும்போது வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோவது நம் வீட்டில் நீ ஒருத்திதான். "என்னடி, இன்ஸ்பெக்டருக்கா வைக்கிறே?" என்று வாப்பா கேலி செய்வாரே!

உன் வாய் என்ன சொன்னது மைமூன்? "ராத்தா" என்றாயா? முகம் வாடியிருந்ததா, சிரித்ததா? அந்தக் கட்டங்கள் இனி வராதாம். ஷிஃபாவும் சென்னைக்குப் போய்விட்டாள். பூக்கள் எழுவதை நான் தனியாகப் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன்.

ஒரு கோபத்தை விட்டுவிட்டேன். கல்யாணக் கோபம் அப்படியேதான் இருக்கிறது; அங்கே வந்து நேரில் கேட்பேன். ஆனால் கேட்பதற்கு முன்னால் என் கையும் உன்னைப்போல நெற்றிக்குப் போகும். இது நான் தரும் வாக்கு.

உன் பதில் வந்து சேர்ந்துவிட்டது என்று சொல்லும்,
உன் ஒரே ராத்தா