காயாத குருணை

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கரண்ட் போய் வந்தது. மோல்டிங் மெஷினை ஓட்டினேன், குருணையைக் காய வைக்கிற ட்ரையரின் பட்டனை அழுத்த மறந்துவிட்டேன். கரண்ட் திரும்பி வந்தாலும் அது தானாக ஓடாது. நைலான் குருணை நாலு மணி நேரம் சூட்டில் காய வேண்டும். ஈரத்தோடு உருகினால் பொருள் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், உள்ளே பலம் இருக்காது. மத்தியானம், உருகிய நைலான் வெளியே வருகிற நாசில் முனையில் நுரை தட்டியபோதுதான் உறைத்தது. அதற்குள் ஆயிரத்து நானூறு உருப்படி பெட்டிக்குள் போய்விட்டது. வயதானவர்கள் பிடித்து நடக்கிற வாக்கரின் கால் பூட்டு. கறுப்பு நிறம். வெள்ளையாக இருந்திருந்தால் ஈரம் கோடு கோடாகக் காட்டிக் கொடுத்திருக்கும்.

மார்ச் 5

ஐந்து பூட்டை எடுத்து மடக்கிப் பார்த்தேன். வளைய வேண்டியவை. மூன்று பட்டென்று முறிந்தன.

ஷிஃப்ட் பொறுப்பில் இருப்பது என் மச்சினன், மனைவியின் தம்பி. எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவனும் அவன்தான். முறிந்த துண்டுகளைக் காட்டினேன். சோதனைத் தாளை இழுத்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டான்.

"மாமா, உங்க பேர்ல ஏற்கனவே ஒரு எச்சரிக்கை இருக்கு. இன்னொண்ணு வந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. வாயை மூடிக்கிட்டு இருங்க."

நன்றி சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 6

பெட்டிகளை ஏற்ற நாளை லாரி வருகிறது.

மார்ச் 7, வெள்ளி

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். என் தப்பு என்றுதான் ஆரம்பித்தேன். அவர் பெட்டிகளை ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சோதனைத் தாளை வரவழைத்துக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறதி யாருக்கும் வரும். நீயா வந்து சொல்லிட்ட. தெரிஞ்சே கையெழுத்துப் போட்டவனை என்ன பண்றது?"

அரை மணி நேரத்தில் மச்சினன் பையை எடுத்துக்கொண்டு போனான். என் பக்கம் திரும்பவில்லை.

தாளில் இருப்பது அவன் பெயர் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் என்னைத்தான் துரத்துவார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன் — இதை யார் நம்பப் போகிறார்கள்?

மார்ச் 8

"உங்களைக் காப்பாத்தத்தானே அவன் போட்டான். அவனை மாட்டிவிட்டுட்டு வந்து நிக்கிறீங்களே" என்றாள் மனைவி.

"யாராவது கிழவி விழுந்து இடுப்பு ஒடிஞ்சிருந்தா?"

"அதுவும் சரிதான்" என்றாள். அப்புறம் அழுதாள். அதோடு பேச்சு நின்றது.

மார்ச் 19

தட்டு வைக்கிறாள். பேசுவதில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

இத்தனை நாளுக்குப் பிறகு அவளே வந்து எதிரில் உட்கார்ந்தாள். தம்பி வேறொரு மோல்டிங் கம்பெனிக்கு இன்டர்வியூ போனானாம். பழைய வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள்.

"ட்ரையரை மறந்ததும் நான்தான், கையெழுத்துப் போட்டதும் நான்தான்னு சொல்லிட்டானாம். இந்தத் தொழில்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், உண்மையைச் சொன்னா மாமா பேரு கெட்டுடும்னு."

வேலை தரவில்லை.

நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். ட்ரையரை மறந்தது யார் என்று சொல்ல எட்டு மணிக்கு அந்தக் கம்பெனி கேட்டில் நிற்க வேண்டும். நானும் வருகிறேன் என்கிறாள்.